காற்றிடம் கேட்டுவிட்டுப் போருக்குப் போனவர்கள்

ஆடி மாதத்தில் திருச்சியிலிருந்து சமயபுரம் மாரியம்மனைப் பார்க்க நடந்து போகிறவர்களுக்கு ஸ்ரீரங்கம் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் ஏறியதும் இடது காதில் காற்று அறையும். ஆற்றின் நீளவாக்கில் மேற்கிலிருந்து வரும் காற்று அது. சேலைத் தலைப்பும் வேட்டி முனையும் கிழக்கே, கடல் இருக்கும் பக்கம் பறக்கும். அதே பாலத்தில் ஐப்பசி கார்த்திகையில் நடந்தால் காற்று வலது கன்னத்தில் படும். அதில் மழையின் ஈரம் இருக்கும். தைப்பூசத்தன்று அம்மன் கொள்ளிடக் கரைக்கு எழுந்தருளி ஸ்ரீரங்கத்து அண்ணனிடம் சீர் வாங்கும்போது வீசுவதும் அந்த வடகிழக்குக் காற்றுதான்; வேகம் மட்டும் தணிந்திருக்கும்.

இந்த இரண்டு காற்றுகளை மனதில் வைத்துக்கொண்டு ஒரு தேதிப் பட்டியலைப் பார்ப்போம். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பற்படைகள் சோழமண்டலக் கரையிலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் பத்து முறை அணிவகுத்து மோதின. நாகப்பட்டினத்துக்கு எதிரே 1746 ஜூலை 6. கடலூருக்கு எதிரே 1758 ஏப்ரல் 29. மறுபடி நாகைக்கு அருகே 1758 ஆகஸ்ட் 3. பரங்கிப்பேட்டைப் பக்கம் 1759 செப்டம்பர் 10. புதுச்சேரிக்கு எதிரே 1778 ஆகஸ்ட் 10. சதுரங்கப்பட்டினத்தில் 1782 பிப்ரவரி 17. அதே ஆண்டு ஏப்ரல் 12 இலங்கைக் கரையில், ஜூலை 6 மூன்றாம் முறையாக நாகையில், செப்டம்பர் 3 திருகோணமலையில். கடைசியாகக் கடலூரில் 1783 ஜூன் 20.

தேதிகளை மாத வாரியாக அடுக்கினால் ஒரு பெரிய ஓட்டை தெரியும். செப்டம்பர் 10-க்கும் பிப்ரவரி 17-க்கும் இடையே ஐந்து மாதம் ஒரு போரும் இல்லை. 37 ஆண்டுகளில் ஆட்கள் மாறினார்கள். பிரிட்டிஷ் பக்கம் பெய்ட்டன், போகாக், வெர்னன், ஹியூஸ். பிரெஞ்சுப் பக்கம் லா பூர்தொனே, தாஷே, திரோன்ஜோலி, சுஃப்ரென். துணிச்சல்காரர்களும் தயங்குகிறவர்களும் இவர்களில் உண்டு. ஆனாலும் ஐப்பசி முதல் தை வரை எவருமே இந்தக் கடலில் போரிடவில்லை. ஏன்?

மழைக்காலம் என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் மழை கப்பலை மூழ்கடிப்பதில்லை. இந்த விடுகதையின் முடிச்சு காற்றின் திசையிலும் கரையின் வடிவத்திலும் பாய்மரக் கப்பலின் ஒரு பெருங்குறையிலும் சேர்ந்து கிடக்கிறது. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

முதலில் காற்று. கோடையில் இந்தியத் துணைக்கண்டத்தின் நிலம் கொதிக்கிறது. மேலே உள்ள காற்று சூடாகி எழும்புகிறது. அழுத்தம் குறைந்த அந்த இடத்தை நோக்கித் தெற்கிலிருந்து கடற்காற்று இழுபடுகிறது. பூமி சுழல்வதால் நிலநடுக்கோட்டைத் தாண்டி வடக்கே வரும் காற்று தன் வலப்பக்கமாக விலகித் தென்மேற்குக் காற்றாக மாறுகிறது. கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கி, காவிரிச் சமவெளியைத் தடவிக்கொண்டு வருவதால்தான் திருச்சியில் ஆடிக்காற்று அவ்வளவு உலர்ந்தும் வேகமாகவும் இருக்கிறது. குளிர்காலத்தில் ஆசிய நிலப்பரப்பு குளிர்ந்து கனத்த காற்று அங்கே தேங்குகிறது. அது கடலை நோக்கி வழிய, இதே விலகலால் வடகிழக்குக் காற்றாகி வங்கக்கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு நம் கரையில் மோதுகிறது. சூரிய வெப்பமே இந்தக் காற்றுகளுக்குக் காரணம் என்று எட்மண்ட் ஹாலி 1686-இல் ஒரு காற்று வரைபடத்தோடு எழுதினார். பூமியின் சுழற்சியை அதில் சேர்த்தவர் ஜார்ஜ் ஹேட்லி, 1735-இல். ஹாலியின் வரைபடத்துக்கு ஆதாரம் மாலுமிகள் சொன்ன செய்திகள். ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாத காலத்தில் கப்பல்களே காற்றின் ஆய்வுக்கூடங்களாக இருந்தன.

இரண்டாவது, கரை. சென்னை, புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் எதிலும் அன்று பெரிய போர்க்கப்பல் ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. நேர்கோடாக ஓடும் மணற்கரை. அதன் முன்னால் ஓயாத அலைவரிசை. கப்பல்கள் கரையிலிருந்து விலகித் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் பீரங்கியும் அரிசியும் மசூலாப் படகில்தான் கரை சேர வேண்டும். அந்தப் படகை ஆணி அடித்துச் செய்ய மாட்டார்கள். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் அடித்தாலும் அது வளைந்து கொடுக்கும். ஐரோப்பியரின் ஆணியடித்த படகு பிளந்துவிடும். உலகின் இரண்டு பெரிய கடல் வல்லரசுகளும் கடைசி சில நூறு மீட்டரைக் கடக்க நம் கரையின் படகோட்டிகளையே நம்பியிருந்தன. இந்தப் போர்களைப் பற்றிய நூல்களில் அவர்களுக்கு ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை என்பது எனக்கு ஆறாத குறை. இந்தப் பக்கத்தில் எந்தப் பருவத்திலும் கப்பல் பத்திரமாக நிற்கக்கூடிய இயற்கைத் துறைமுகம் திருகோணமலை ஒன்றுதான்.

மூன்றாவதான கப்பலின் குறையை விளக்கக் கொஞ்சம் இடம் வேண்டும். காற்று தள்ளும் திசையில் கப்பல் போவது எல்லோருக்கும் புரியும். காற்று வரும் திசையை நோக்கியும், நேராக இல்லாவிட்டாலும் சாய்வாக, அதனால் போக முடியும் என்பதுதான் வியப்பு. ஈரமான புளியங்கொட்டையை இரு விரல்களுக்கிடையே வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டு விரலும் பக்கவாட்டில்தான் அழுத்துகின்றன. கொட்டையோ முன்னால் பீறிட்டுப் பாய்கிறது. கப்பலுக்கு ஒரு விரல் காற்று. அது பாயை ஒரு பக்கமிருந்து அழுத்துகிறது. மறு விரல் கடல்நீர். கப்பலின் நீண்ட அடிப்பாகம் பக்கவாட்டில் நகராதபடி அது எதிர்த்து நிற்கிறது. நடுவில் சிக்கிய கப்பலுக்குத் தடை குறைவான ஒரே வழி முன்பக்கம்.

இந்த வித்தைக்கு ஓர் எல்லை உண்டு. அந்தக் காலப் போர்க்கப்பலில் பாய்கள் பாய்மரத்துக்குக் குறுக்கே கட்டிய பருமல்களிலிருந்து தொங்கின. பருமலை ஓரளவுக்கு மேல் திருப்பக் கயிறுகள் விடாது. மாலுமிகள் திசை வட்டத்தை 32 பங்காகப் பிரித்தார்கள். காற்று வரும் திசைக்கு ஆறு பங்கு தள்ளி, அதாவது 67½ பாகைக் கோணத்தில்தான் இந்தக் கப்பல் போக முடியும். அதைவிட நெருங்கினால் பாய் உப்பாமல் படபடக்கும். ஆகவே காற்றை எதிர்த்துப் போக வேண்டுமானால் வலமும் இடமுமாக மாறி மாறிக் குறுக்கே ஓட வேண்டும். ஒரு மைல் முன்னேற இரண்டரை மைலுக்கு மேல் ஓடியாக வேண்டும். ஓடும்போதே கப்பல் பக்கவாட்டிலும் கொஞ்சம் வழுக்கும். வழுக்கல் ஒரு பங்கு என்று வைத்தாலே ஒரு மைலுக்கு ஐந்து மைல் ஆகிவிடுகிறது. காற்று வலுத்துப் பாய்களைச் சுருட்ட நேர்ந்தால் முன்னேற்றமே இல்லை. கப்பல் காற்றோடு பின்னால்தான் போகும்.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பார்ப்போம். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சோழமண்டலக் கரையில் நிற்கும் கப்பலுக்கு ஆபத்து குறைவு. நங்கூரக் கயிறு அறுந்தாலும் காற்று அதைக் கரையிலிருந்து விலக்கி ஆழ்கடலுக்குத்தான் கொண்டு போகும். வடகிழக்குக் காற்று தொடங்கியதும் அதே இடம் பொறியாகிறது. காற்று கடலிலிருந்து கரையை நோக்கித் தள்ளுகிறது. ஒதுங்கத் துறைமுகம் இல்லை. காற்றை எதிர்த்து வெளியே ஓடும் திறனும் கப்பலுக்கு இல்லை. காற்று கப்பலைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்க்கும் இப்படிப்பட்ட கரையை ‘ஒதுக்குக் கரை’ என்று அழைக்கலாம். எந்த நாட்டுப் பாய்மர மாலுமியும் எதிரியின் பீரங்கியைவிட அதிகம் அஞ்சியது இதற்குத்தான்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இந்தக் காற்றோடு புயலும் சேர்கிறது. வங்கக்கடல் புயலில் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. கிழக்கிலிருந்து கரையை நோக்கி வரும் புயலின் மையத்துக்கு வடக்கே நிற்கும் கப்பலைச் சுழல்காற்று நேரே கரைமேல் வீசும். தெற்கே நிற்கும் கப்பலுக்கோ காற்று நிலத்திலிருந்து வரும். ஒரே இரவில் ஒரு கப்பல் மணலில் உடைவதும் சில மைல் தள்ளி நின்ற இன்னொன்று பிழைப்பதும் இதனால்தான்.

இந்தச் சுழற்சியை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வானத்திலிருந்து படம் பிடிக்கச் செயற்கைக்கோள் இல்லை. கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் ஒரே புயலில் சிக்கிய பல கப்பல்களின் குறிப்பேடுகளைத் திரட்டினார். ஒரே மணிக்கு ஒரு கப்பல் வடகாற்று என்றும் இன்னொன்று கீழ்க்காற்று என்றும் மூன்றாவது தென்காற்று என்றும் எழுதியிருக்கும். தனித்தனியே படித்தால் முரண்பாடு. அந்தந்தக் கப்பல் நின்ற இடத்தை வரைபடத்தில் குறித்து, காற்றின் திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டால், அம்புகள் ஒரு வட்டத்தைச் சுற்றி நிற்கும். அவருடைய புயல் கையேடு 1848-இல் வெளிவந்தது. நாம் பேசும் தளபதிகளுக்கு இந்த அறிவு கிடைக்கவில்லை. அவர்களுக்குப் பின் அரை நூற்றாண்டு கழித்துத்தான் வந்தது. மாதத்தை மட்டுமே அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அறிந்தும் தாமதித்தவர்களை இந்தக் கரை விடவில்லை. 1746-இல் சென்னைக் கோட்டையைப் பிடித்த லா பூர்தொனே, அதை என்ன செய்வது என்று புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயோடு வழக்காடிக்கொண்டே அக்டோபரின் நடுப்பகுதி வரை சென்னைக்கு எதிரே நின்றுவிட்டார். அக்டோபர் 13 இரவு புயல் வந்தது. பல கப்பல்கள் மூழ்கின, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவருடைய கப்பற்படையை எதிரியால் செய்ய முடியாத அளவுக்கு ஒரே இரவு உடைத்துப் போட்டது. சித்திரையிலும் புயல் உண்டு என்பதற்கு 1749 ஏப்ரல் சாட்சி. அட்மிரல் பாஸ்கவனின் கொடிக்கப்பலான நமூர் கடலூர்ப் பக்கம் உடைந்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பாஸ்கவன் அப்போது கரையில் இருந்ததால் பிழைத்தார்.

எல்லாவற்றிலும் கடினமான முடிவு 1760 குளிர்காலத்தில் எடுக்கப்பட்டது. புதுச்சேரியை நிலத்தில் பிரிட்டிஷ் தளபதி அயர் கூட் முற்றுகையிட்டிருந்தார். கடல் வழியாக உணவு உள்ளே போகாமல் தடுக்க அட்மிரல் ஸ்டீவன்ஸின் கப்பல்கள் வடகிழக்குப் பருவத்திலும் கரையை விட்டு நகராமல் நின்றன. 1761 ஜனவரி 1 இரவு புயல் தாக்கியது. ஸ்டீவன்ஸ் தம் கப்பலின் நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டு ஆழ்கடலுக்கு ஓடித் தப்பினார். மற்றவற்றில் சில அப்படியே மூழ்கின, சில கரையில் மோதின. இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். இருந்தும் பிழைத்த கப்பல்கள் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றன. இரண்டே வாரத்தில் பட்டினியால் புதுச்சேரி சரணடைந்தது. இந்த நிகழ்ச்சியைப் படிக்கும்போதெல்லாம் ஸ்டீவன்ஸ் செய்தது சரியா என்று யோசிக்கிறேன். படைக்கணக்கில் அது வெற்றி. கயிற்றை வெட்டுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை அந்த ஆயிரம் மாலுமிகளில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

பெரும்பாலான தளபதிகள் இந்தச் சூதாட்டத்துக்கு இறங்கவில்லை. அக்டோபர் தொடக்கத்துக்குள் பிரெஞ்சுக்காரர்கள் மொரீஷியசுக்கும் பிரிட்டிஷார் பம்பாய்க்கும் கிளம்பிவிடுவார்கள். பம்பாயில் கப்பலின் அடிப்பாகத்தைச் செப்பனிட உலர்துறை இருந்தது. சுஃப்ரென் மட்டும் 1782-இல் மொரீஷியஸ் வரை போகாமல் சுமத்ராவின் ஆச்சேயில் குளிர்காலத்தைக் கழித்தார். கரையில் இருந்த படைத்தளபதிகளுக்கு இந்த வருடாந்தர விடைபெறல் நெஞ்சைப் பிசையும் விஷயம். 1758 செப்டம்பரில் தாஷே கிளம்பியபோது பிரெஞ்சுத் தளபதி லாலி தடுத்துப் பார்த்தார், தாஷே நிற்கவில்லை. லாலி துணைக்குக் கப்பலில்லாமலே டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டார். பிப்ரவரி நடுவில் வடகிழக்குப் பருவம் ஓய்ந்து பிரிட்டிஷ் கப்பல்கள் தலைகாட்டியதும், மறுநாளே முற்றுகையைக் கைவிட்டுப் போனார்.

கடலே தெரியாத சமயபுரமும் இந்தக் காற்றுக் கணக்குக்குள் அடங்கியதுதான். 1752 ஏப்ரலில் பிரெஞ்சுப் படைத்தலைவர் லா, தம் கூட்டாளியான சந்தா சாகிபோடு ஸ்ரீரங்கம் தீவில் முகாமிட்டிருந்தார். அவருக்குப் புதுச்சேரியிலிருந்து வரும் பாதையை அறுக்க ராபர்ட் கிளைவ் கொள்ளிடத்தைக் கடந்து சமயபுரத்தில் இரண்டு கோயில்களைப் பாசறையாக்கிக்கொண்டார். ஓரிரவு பிரெஞ்சுப் படைப்பிரிவு ஒன்று கிளைவின் முகாமுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. கட்சி மாறிய ஆங்கிலச் சிப்பாய்கள் அதில் இருந்ததால் காவலரிடம் ஆங்கிலத்திலேயே பேசி ஏமாற்ற முடிந்தது. கிளைவ் மயிரிழையில் தப்பினார். ஜூனில் லா சரணடைந்தார். சந்தா சாகிப் கொல்லப்பட்டார். இந்தச் சண்டையில் இருபுறமும் சுட்ட துப்பாக்கியும் பெரும்பாலும் ஐரோப்பியச் சிப்பாயும் கப்பலில் வந்திறங்கியவை. அந்தக் கப்பல்கள் தென்மேற்குக் காற்றைப் பிடித்து ஆனி முதல் ஆவணி வரைதான் வந்து சேரும். அடுத்த சரக்குக்கு மறு ஆண்டு ஆடிக்காற்று வரை பொறுத்திருக்க வேண்டும். காவிரிக்கரையில் எத்தனை துப்பாக்கி வெடிக்கும் என்பதை அரபிக்கடலில் அடித்த காற்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தது.

பருவக்காற்று ஆண்டுக்கணக்கில் ஆண்டது. ஒரே நாளுக்குள் ஆளும் இன்னொரு காற்றும் உண்டு. அதைப் பார்க்க 1782 ஜூலை 6-க்குப் போக வேண்டும்.

நாகப்பட்டினம் அதற்கு எட்டு மாதம் முன்புதான் டச்சுக்காரரிடமிருந்து பிரிட்டிஷார் கைக்குப் போயிருந்தது. அதை மீட்கப் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் ஜூலை 5 பிற்பகல் வந்தார். எட்வர்ட் ஹியூஸின் கப்பல்கள் அங்கே நங்கூரமிட்டு நின்றன. தாக்கப் போகும் நேரத்தில் திடீரென்று ஒரு சூறை. அஜாக்ஸ் என்ற பிரெஞ்சுக் கப்பலின் மேற்பாய்மரங்கள் இரண்டு முறிந்து விழுந்தன. போர் தள்ளிப் போயிற்று. ஆனி ஆடி மாலைகளில் உள்நாட்டில் திரளும் இடிமேகத்தை மேல்காற்று கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். மழைக்கு முன்னால் குளிர்ந்த காற்று தடாலென்று இறங்கும். இன்றும் கரையோர ஊர்களில் பந்தலைச் சாய்த்துவிட்டுப் போகும் அந்த மாலைச் சூறையின் இனம்தான் அது என்று கொள்ள எல்லா அறிகுறியும் இருக்கிறது.

இரவோடு இரவாக ஹியூஸ் நங்கூரம் தூக்கித் தெற்கே ஓடினார். ஏன் தெற்கே? காற்று தென்மேற்கிலிருந்து வந்தது. எதிரியைவிடக் காற்றின் பிறப்பிடத்துக்கு அருகே நிற்பவருக்கு ஒரு பெரும் அனுகூலம். இந்த நிலையைக் ‘காற்றுமேடு’ என்று சொல்லிக்கொள்வோம். காற்றுமேட்டில் நிற்பவர் நினைத்தபோது காற்றோடு இறங்கி வந்து தாக்கலாம். கீழே நிற்பவர் ஒரு மைல் ஏற ஐந்து மைல் ஓட வேண்டும். வெடிப்புகையும் கீழே நிற்பவரின் கண்ணில்தான் படியும். இதற்கு எதிர்விலையும் உண்டு. பாயில் காற்று அழுத்துவதால் கப்பல்கள் எதிர்ப்பக்கம் சாய்கின்றன. மேட்டில் நிற்பவர் தம் சாய்ந்த பக்கத்திலிருந்து சுட வேண்டும். காற்று வலுத்தால் கீழ்த்தட்டுப் பீரங்கி வாசல்களில் கடல்நீர் புகும். கனமான பீரங்கிகள் இருப்பதே அந்தத் தட்டில்தான். கீழே நிற்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. தோற்றால் காற்றோடு ஓடிவிடும் வழியும் திறந்திருக்கும். பிரிட்டிஷ் தளபதிகள் பொதுவாக மேட்டையும் பிரெஞ்சுத் தளபதிகள் பொதுவாகப் பள்ளத்தையும் விரும்பினார்கள். சுஃப்ரென் அந்த வழக்கத்துக்கு அடங்காதவர்.

விடிந்தபோது ஹியூஸ் காற்றுமேட்டில் இருந்தார். இரண்டு பக்கமும் பதினொரு கப்பல்கள், ஒன்றன்பின் ஒன்றாக. பீரங்கிகள் கப்பலின் இரு விலாவிலும் இருப்பதால் எதிரிக்கு விலாவைக் காட்டியபடி வரிசையாகச் செல்வதே போர்முறை. முன்னால் போகும் கப்பலை மறைக்காமல் எல்லோரும் சுட அது ஒன்றே வழி. காலை பதினொரு மணி அளவில் இரு வரிசைகளும் அருகருகே ஓடியபடி சுடத் தொடங்கின. பகல் பன்னிரண்டரை சுமாருக்குத் தென்மேற்குக் காற்று சட்டென்று தென்தென்கிழக்குக்கு மாறியது. ஓடிக்கொண்டிருந்த கப்பல்களின் முகத்திலேயே காற்று அடித்தது. பாய்கள் உப்பிய பக்கத்துக்கு எதிராகப் பாய்மரத்தோடு ஒட்டிக்கொண்டன. பெரும்பாலான கப்பல்கள் ஒரு பக்கம் திரும்பி விலகின. பிரிட்டிஷாரில் நான்கும் பிரெஞ்சில் இரண்டும் மறுபக்கம் திரும்பிவிட்டன. வரிசை என்பதே இல்லாமல் போயிற்று. அந்தக் குழப்பத்தில் செவேர் என்ற பிரெஞ்சுக் கப்பலின் தலைவர் சரணடைவதாகக் கொடியை இறக்க, அவருடைய அதிகாரிகள் மறுத்துத் தொடர்ந்து சுட்டார்கள். வெற்றி தோல்வி தெளிவாகாமல் இருவரும் பிரிந்தார்கள். நாகையை மீட்கும் எண்ணத்தைக் கைவிட்டு சுஃப்ரென் கடலூருக்குப் போனார்.

என்ன நடந்தது? சமயபுரத்தில் சித்திரைத் தேரன்று நண்பகலில் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு நின்றவர்களுக்குப் பாதி விடை தெரியும். கல்தரை சுடும், தெப்பக்குளத்து நீரோ குளிர்ச்சியாகவே இருக்கும். ஒரு கிலோ கல்லை ஒரு பாகை சூடாக்கத் தேவைப்படுவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல் வெப்பம் ஒரு கிலோ நீருக்கு வேண்டும். அதோடு வெயில் நீருக்குள் இறங்கி, கலங்கிப் பரவிவிடுகிறது. கல்லில் மேல்தோலிலேயே தங்கிவிடுகிறது. காவிரிச் சமவெளி முழுவதும் அந்தப் பிராகாரத்தைப் போலவே கொதிக்க, வங்கக்கடல் முழுவதும் அந்தக் குளத்தைப் போலவே குளிர்ந்திருக்கிறது. பகல் ஏற ஏற நிலத்தின் மேல் காற்று எழும்ப, கடல்மேல் இருக்கும் காற்று உள்ளே பாய்கிறது. இதுதான் கடற்காற்று. பருவக்காற்றை ஆட்டும் அதே விசைதான் இது. அங்கே கோடைக்கும் குளிருக்கும் இடையே நடப்பது இங்கே காலைக்கும் மாலைக்கும் இடையே நடக்கிறது.

ஜூலையில் இதற்கு ஒரு தனிக்குணம் உண்டு. தென்மேற்குக் காற்று எதிரே நின்று கடற்காற்றைத் தடுக்கிறது. இரண்டும் மல்லுக்கட்டும் எல்லையில் வெப்ப வேறுபாடு கூடிக்கொண்டே போகிறது. கடற்காற்று கடைசியில் வெல்லும்போது மெல்ல வருவதில்லை, ஒரு சுவர் நகர்ந்து வருவதைப் போல் சட்டென்று வருகிறது. இந்த எல்லையை ‘கடற்காற்று முகப்பு’ என்கிறார்கள் வானிலையாளர்கள். இன்று சென்னை வானிலை ரேடாரில் கரைக்கு இணையாக ஒரு மெல்லிய கோடாக அது நகர்வதைப் பார்க்கலாம். திசை மாறியதற்கும் கணக்கு இருக்கிறது. தென்மேற்குக் காற்றில் இரண்டு பாதி உண்டு: மேற்கிலிருந்து ஒன்று, தெற்கிலிருந்து ஒன்று. கடற்காற்று கிழக்கிலிருந்து வந்து மேற்குப் பாதியை அழித்து, அதற்கு மேல் கொஞ்சம் கிழக்கையும் சேர்க்கிறது. மிஞ்சுவது தெற்கும் சிறிது கிழக்கும். அதுதான் தென்தென்கிழக்கு. ஹியூஸும் சுஃப்ரெனும் கைதேர்ந்த மாலுமிகள். கடற்காற்று வரும் என்பது தெரியாதவர்கள் அல்ல. அது எந்த நிமிடத்தில் வரும் என்பதை இன்றைய கணினிகளாலும் துல்லியமாகச் சொல்ல முடியாது.

இருநூற்று நாற்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு நாளின் நண்பகல் காற்றை இவ்வளவு உறுதியாகப் பேச முடிவது எப்படி? ஒவ்வொரு கப்பலிலும் எழுதப்பட்ட பயணக் குறிப்பேடுதான் காரணம். காற்றின் திசை, கப்பலின் வேகம், போகும் திசை, வானிலை எல்லாம் அதில் நாள் முழுக்கப் பதிவாகும். நிலம் தெரியாத கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று கணிக்க இந்தப் பதிவே அடிப்படை. தவறாக எழுதினால் தன் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் ஆய்வாளர்கள் தளபதிகளின் வெற்றிக் கடிதங்களைவிட இதை அதிகம் நம்புகிறார்கள். போரில் இரு நாட்டுக் குறிப்பேடுகளும் கிடைப்பது இன்னும் நல்லது: யார் வென்றார் என்பதில் பொய் சொல்லலாம், காற்று மாறியதில் இருவருக்கும் ஒரே சாட்சியம்.

படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. 1746 போரின் நாள் பிரிட்டிஷ் ஏடுகளில் ஜூன் 25. பிரெஞ்சு ஏடுகளில் ஜூலை 6. இரண்டும் ஒரே நாள்தான். பிரிட்டன் 1752 செப்டம்பர் வரை பழைய நாட்காட்டியைப் பின்பற்றியது. இடைவெளி பதினொரு நாள். கிளைவ் சமயபுரத்தில் இருந்ததும் அந்தப் பழைய கணக்கின் கடைசி மாதங்களில்தான். இன்னொரு கண்ணியும் உண்டு. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களில் 1805 வரை நாள் நள்ளிரவில் தொடங்கவில்லை. முந்தைய நண்பகலிலேயே தொடங்கிவிடும். ஜூலை 6 பகல் பன்னிரண்டரைக்கு மாறிய காற்று, அந்தக் கணக்கின்படி ஜூலை 7-க்குரிய பக்கத்தில் விழும். இது தெரியாமல் படிப்பவர் ஒரு போரை இரண்டு நாளாக்கிவிடுவார். கரைப்பக்கச் சாட்சியமும் நமக்கு இருக்கிறது. 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பு எந்தக் கப்பல் எப்போது வந்தது, எத்தனை குண்டு போட்டார்கள், கடல் எப்படி இருந்தது என்பதையெல்லாம் தமிழ் மாதக் கணக்கோடு சொல்கிறது. ஐரோப்பிய ஏடுகளோடு ஒப்பிட இதைவிட நல்ல உரைகல் கிடையாது.

ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர் 2001-இல் தொடங்கி 1750 முதல் 1850 வரையிலான பிரிட்டிஷ், டச்சு, பிரெஞ்சு, ஸ்பானியக் குறிப்பேடுகளைக் கணினிக்கு ஏற்றினார்கள். காற்றின் வேகத்தை எண்ணில் எழுதும் வழக்கம் அன்று இல்லை. ஒவ்வொரு நாட்டு மாலுமியும் தனக்கே உரிய சொற்களால் எழுதினான். அந்தச் சொற்களைப் பொருத்தி, பிரான்சிஸ் போஃபர்ட் பின்னாளில் வகுத்த காற்று அளவுகோலில் எந்தச் சொல் எந்தப் படி என்று பன்மொழி அகராதியே தொகுத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் 1789 முதல் 1834 வரையிலான ஏறத்தாழ 900 குறிப்பேடுகளும் இதுபோல் எடுத்தெழுதப்பட்டிருக்கின்றன. இவற்றில் காற்றழுத்தமும் வெப்பமும் கருவிகொண்டு அளந்த எண்களாகவே உள்ளன. உலகக் கடல்களின் வானிலைப் பதிவுகளைச் சேர்க்கும் பொதுத் தரவுத்தொகுப்பில் இவை இன்று இடம்பெற்றுள்ளன. ஒரு குறிப்பிட்ட ஆண்டில் தென்மேற்குக் காற்று எப்போது தொடங்கியது, எவ்வளவு வலுவாக இருந்தது என்று பருவமழையை ஆராய்கிறவர்கள் கேட்கும்போது, வானிலை நிலையங்கள் தோன்றுவதற்கு முந்தைய காலத்துக்கு இந்தக் கப்பல்களே பதில் சொல்கின்றன.

அந்த அகராதியில் நான்கு ஐரோப்பிய மொழிகளின் சொற்கள் இருக்கின்றன. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைத் திசையாலும் குணத்தாலும் பிரித்தறிந்து, மசூலாப் படகை அலைக்குள் இறக்கிய நம் கரையோர மக்களின் கணக்கு ஏடுகளில் ஏறவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் நாகையிலும் தேவனாம்பட்டினத்திலும் இன்றும் கடலுக்குப் போகிறார்கள். எந்தக் காற்றுக்கு எந்தப் பெயர், எந்த மாதம், எந்த மீன் என்று அவர்களிடம் கேட்டு எழுதும் வேலை சில ஊர்களில் தொடங்கி, பல ஊர்களில் தொடங்காமலே இருக்கிறது.